தெருவில் பறக்கும் வண்டிகள்: அளப்பதில் தொடங்கி வேகத்தடை வரை

குண்டும் குழியுமாகக் கிடந்த தெருவுக்குப் புதுத் தார் போட்டதும் முதலில் மாறுவது வண்டிகளின் வேகம்தான். போன வாரம் வரை இருபதில் ஊர்ந்த பைக் இந்த வாரம் ஐம்பதில் போகும். ஓட்டுகிறவர் அதே ஆள்தான், மாறியது தெரு. பள்ளங்கள் இருந்தவரை அவைதான் சம்பளமில்லாத வேகத்தடைகள்.

இந்த விஷயத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான். நேராக, அகலமாக, வழவழப்பாகக் கிடக்கும் தெருவில் 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை வைத்தால் அதைக் கடைப்பிடிப்பவர் ஏற்கெனவே மெதுவாகப் போகிறவர்தான். மற்றவர்களுக்குத் தெருவின் வடிவம்தான் புரியும்.

ஆனால் வடிவத்தை மாற்றுகிறோம் என்று ஒரு மூட்டை சிமென்ட் வாங்கி ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவின் குறுக்கே வரப்பு கட்டிவிடக் கூடாது. பல ஊர்களில் நடப்பது இதுதான். அரை மீட்டர்கூட அகலமில்லாத, ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான அந்த வரப்பில் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் பைக்கின் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறவர். பொதுவழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 285-ஆம் பிரிவின்கீழ் குற்றம், அபராதம் 5,000 ரூபாய் வரை. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த வரப்பில் யாராவது விழுந்தால் கட்டியவர் யார் என்று தெருவுக்கே தெரியும் என்பது.

முதலில் அளவெடுங்கள்

'எல்லாரும் நூறில் போறாங்க சார்' என்று சொன்னால் எந்தப் பொறியாளரும் தலையாட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார். எண்ணோடு போனால் உட்கார வைத்துப் பேசுவார். கருவி எதுவும் வேண்டாம். 50 மீட்டர் டேப், சாக்பீஸ், செல்போன் போதும்.

தெருவின் நடுப்பகுதியில், திருப்பத்திலிருந்து தள்ளி, 50 மீட்டரை அளந்து இரு முனையிலும் கோடு போடுங்கள். வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, இரண்டாவது கோட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். 180-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வருவது மணிக்கு இத்தனை கிலோமீட்டர். 6 விநாடி என்றால் 30. நாலரை விநாடி என்றால் 40. 3.6 விநாடி 50, 3 விநாடி 60.

விரல் 0.2 விநாடி முன்பின் போனாலே 50 கி.மீ. வேகம் 47 ஆகவோ 53 ஆகவோ காட்டும். அதனால் 20 மீட்டர், 30 மீட்டர் என்று தூரத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் பிழை பெருகும். இரண்டு கோடும் ஒரே ஃபிரேமுக்குள் தெரிகிற மாதிரி மாடியிலிருந்து வீடியோ எடுத்துப் பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இன்னும் துல்லியம். தெருவில் நின்று அளந்தால் ஒரு கோட்டை நேராகவும் மற்றதைச் சாய்வாகவும் பார்ப்போம், அதிலேயே இரண்டு மூன்று மீட்டர் தப்பும். அப்படித்தான் அளக்க வேண்டுமென்றால் இரண்டாவது கோட்டில் ஒருவர் நின்று கையைத் தூக்கிக் காட்டட்டும்.

நோட்டும் கையுமாகத் தெரு ஓரத்தில் நிற்காதீர்கள். போலீஸ் ஆளோ என்று எல்லாரும் பிரேக் பிடிப்பார்கள். திண்ணையிலோ கேட்டுக்கு உள்ளேயோ இருந்து அளப்பது நல்லது. முன்னால் ஆட்டோவோ மாடோ வழி மறித்த வண்டிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தடையில்லாமல் வந்தவை மட்டும் போதும். காலையில் பள்ளி நேரம், மாலை, இரவு பத்துக்கு மேல் என மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் முடிந்தவரை 100 வண்டி. இரவில் அவ்வளவு கிடைக்காது, கிடைத்ததை எடுங்கள்.

நூறு வேகங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி 85-வது எண்ணைப் பாருங்கள். சாலைப் பொறியாளர்கள் '85 விழுக்காட்டு வேகம்' என்று பேசுவது இந்த எண்ணைத்தான். நூற்றில் 85 பேர் இந்த வேகத்திலோ அதற்குக் கீழோ போகிறார்கள் என்று பொருள். சென்னையில் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் அறிவித்த வரம்பின்படி குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 கி.மீ.தான். உங்கள் தெருவின் 85-வது எண் 45, 50 என்று வந்தால் தெருவின் வடிவத்தில் கை வைக்க வேண்டும். 34, 35 என்று வந்து, உச்சத்தில் மட்டும் இரண்டு மூன்று வண்டி 70-ஐத் தொட்டால் அது தெருவின் பிரச்சினை அல்ல, இரண்டு மூன்று பேரின் பிரச்சினை. அதற்கு வேகத்தடை கேட்டால் எண்பது வீட்டுக்காரரும் தினமும் குலுங்க வேண்டியதுதான்.

30-க்கும் 50-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருகிறது, ஓட்டுகிறவருக்கு அது உறைத்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது. 30-இல் வந்த கார் அந்த ஒரு விநாடியில் எட்டே கால் மீட்டர் ஓடி, பிரேக் பிடித்து இன்னொரு 5 மீட்டரில், ஆக 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். 50-இல் வந்த கார் அந்த முதல் விநாடியிலேயே 13.9 மீட்டர் ஓடியிருக்கும். அதாவது மெதுவாக வந்த கார் நின்ற இடத்தை, வேகமாக வந்த கார் பிரேக்கைத் தொடாமலே தாண்டும்.

வருவது யார்?

தெருவை ஊடுவழியாக எத்தனை வண்டி பயன்படுத்துகிறது என்று தெரியாமல் தீர்வு தேட முடியாது. தெருவின் இரு முனையிலும் ஒருவர் உட்கார்ந்து வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் நேரத்தையும் அரைமணி நேரம் குறித்தால் போதும். 400 மீட்டர் தெருவை 30-இல் கடக்க 48 விநாடி ஆகும். இந்த முனையில் நுழைந்த எண் இரண்டு நிமிடத்துக்குள் அந்த முனையில் வெளியேறினால் அது சிக்னலைத் தவிர்க்க வந்த வண்டி.

பாதிக்கு மேல் இப்படி என்றால், முதலில் பேச வேண்டியது போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம். மெயின் ரோட்டில் குறிப்பிட்ட நேரத்துக்கு உங்கள் தெருவுக்குள் திரும்பத் தடை போட்டாலே சுமை இறங்கிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவில் அதற்கு அதிகாரம் இருக்கிறது. ஒருவழிப் பாதையாக்குங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எதிரே வண்டி வராது என்று தெரிந்தால் வேகம் கூடத்தான் செய்யும்.

தண்ணீர் லாரி, பள்ளி வேன், வாடகை கார் என்றால் வேறு வழி. லாரியை வரவழைப்பது நம் அடுக்குமாடிகள்தானே, பணம் கொடுக்கும்போதே சொன்னால் டிரைவர் கேட்பார். பள்ளி வாகனம் என்றால் வண்டி எண், தேதி, நேரம், நீங்கள் அளந்த வேகம் நான்கையும் எழுதிப் பள்ளிக்கு ஒரு பிரதி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு பிரதி. பள்ளிப் பேருந்துகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் என்பதால் அந்தக் கடிதத்தைச் சும்மா ஒதுக்க முடியாது.

தெருப் பையன்கள் என்றால் முதலில் வீட்டில் போய்ப் பேசுவதுதான் முறை. பதினெட்டு வயது நிரம்பாதவன் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னாலே பல அப்பாக்கள் அன்று மாலையே சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள்.

தெரு யாருடையது?

மனு தவறான மேசைக்குப் போவதால்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது. மாநகராட்சி, நகராட்சியின் உட்தெரு என்றால் வார்டு உதவிப் பொறியாளர். சென்னையில் பேருந்து போகும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை உண்டு, உட்தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கும். ஊருக்குள்ளேயே போனாலும் சில சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. அங்கே மாநகராட்சி ஒரு சட்டி தார்கூடப் போடாது. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது மத்திய அரசின் நிலைப்பாடு, அங்கே கேட்டுப் பயனில்லை.

கிராமத்தில் ஊராட்சித் தெரு என்றால் கிராம சபைதான் சரியான இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் எது அடுத்து வருகிறதோ அதில் தீர்மானமாகப் பதிய வையுங்கள். பேசியது மட்டும் போதாது, தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

உட்தெருவுக்கும் பெரும்பாலும் போக்குவரத்துக் காவல்துறையின் பரிந்துரையைக் கேட்பார்கள். அதனால் மனுவை ஒரே நாளில் மூன்று இடத்தில் கொடுப்பது நல்லது: உதவிப் பொறியாளர், மாமன்ற உறுப்பினர், போக்குவரத்து ஆய்வாளர். ஒவ்வொன்றிலும் மற்ற இருவருக்கும் நகல் என்று குறிப்பிடுங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மொழி இப்படி இருந்தால் போதும்:

'வார்டு எண் __, __ தெரு, நீளம் 380 மீட்டர், தார் அகலம் 6 மீட்டர். __ தேதியில் மூன்று வேளையும் சேர்த்து 260 வண்டிகளின் வேகம் அளக்கப்பட்டது. 85 விழுக்காட்டு வேகம் மணிக்கு 47 கி.மீ. பட்டியல் இணைப்பு 1. மின்கம்பம் எண் __ மற்றும் __ அருகில், இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 கையேட்டு அளவின்படி, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட இரண்டு வளைவு வேகத்தடைகளை எச்சரிக்கைப் பலகை, வர்ணப் பூச்சுடன் அமைத்துத் தரக் கோருகிறோம். அந்த இடங்களை ஒட்டிய வீட்டுக்காரர்களின் சம்மதம் இணைப்பு 2.'

மின்கம்ப எண்ணை எழுதுவது முக்கியம். 'ராமர் கோயில் பக்கத்தில்' என்று எழுதினால் மேஸ்திரி தனக்குத் தெரிந்த ராமர் கோயிலுக்குப் போவார். இரண்டாவது இணைப்பு அதைவிட முக்கியம். எல்லாருக்கும் வேகத்தடை வேண்டும், ஆனால் யாருக்கும் தன் வாசலில் வேண்டாம். போட்ட மறுவாரம் அந்த ஒரு வீட்டுக்காரர் போய் நின்றால் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். சென்னையில் 1913, மற்ற ஊர்களில் முதல்வரின் உதவி மையம் 1100, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் எல்லாம் மனு எண் கொடுப்பவை. ஆறு வாரமாகியும் அசைவில்லை என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த எண்ணுள்ள மனுமீது எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை, கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும். 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதிலைவிட, அந்தக் கேள்வி வந்ததும் கோப்பு நகர்வதே பெரும்பாலும் நடக்கும்.

3.7 மீட்டர் ஏன்?

இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 கையேடு 1988-இலேயே சொன்ன அளவு: 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, போக்குவரத்தின் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 செ.மீ. இதை 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். 40-இல் வந்தால் உடம்பு தூக்கிப் போடும்.

காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர்தான். அதைவிட அகலமான மேட்டில் கார் முழுசாக ஏறி முழுசாக இறங்குகிறது. வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடுகிறது. அரை மீட்டர் வரப்பில் நடப்பது நேர் எதிர். வேகமாக வரும் கனத்த காரின் சஸ்பென்ஷன் அந்த இடியை விழுங்கிவிடும். மெதுவாக வரும் ஆட்டோவும் ஸ்கூட்டியும் முழு அடியையும் வாங்கும். தப்பு செய்தவனை விட்டுவிட்டுச் சும்மா போனவனை அடிக்கிற தடை அது.

சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு நூல்கயிறு போதும். நடு உச்சியின் மட்டத்தில் கயிற்றை இழுத்துப் பிடித்து, கயிற்றுக்கும் மேட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து 10 செ.மீ.யிலிருந்து கழித்தால் அந்த இடத்தின் உயரம் வரும். விளிம்பிலிருந்து 25 செ.மீ. உள்ளே உயரம் இரண்டரை செ.மீ., 50 செ.மீ. உள்ளே 4.7, ஒரு மீட்டரில் 7.9, ஒன்றரை மீட்டரில் 9.6, நடுவில் 10 என்று இருக்க வேண்டும். இந்த வளைவைப் பிளைவுட்டில் வெட்டி முன்கூட்டியே மேஸ்திரியிடம் கொடுத்தால் அவருக்கும் சந்தோஷம்தான். அவர் கையில் பெரும்பாலும் வரைபடம் எதுவும் இருக்காது.

தப்பு எங்கே தொடங்குகிறது தெரியுமா? கலவையில். ஆறு மீட்டர் தெருவில் இரு ஓரமும் 20 செ.மீ. விட்டால்கூட ஒரு வளைவுக்குச் சுமார் 1.4 கன மீட்டர், அதாவது 3 டன்னுக்கு மேல் தார்க்கலவை வேண்டும். ஆனால் வேறெங்கோ சாலை போட்டு மிஞ்சிய ஒரு டன்னைக் கொண்டுவந்து கொட்டுவதுதான் வழக்கம். ஒரு டன்னில் 10 செ.மீ. உயரம் வேண்டுமென்றால் அகலம் ஒரு மீட்டர் சொச்சம்தான் வரும். அதுதான் நாம் எங்கும் பார்க்கிற முதுகெலும்பு உடைக்கும் தடை. டிப்பரில் கொஞ்சமாக இருந்தால், ஒரே ஒரு தடையை ஒழுங்காகப் போடுங்கள் அல்லது இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

கலவை ஆவி பறக்கும் சூட்டில் வர வேண்டும். போடுமிடத்தைத் துடைத்து, பழைய தாரோடு ஒட்டுவதற்கான தார் எமல்ஷன் தெளித்து, இரு விளிம்பிலும் பழைய தாரை லேசாக வெட்டி அதற்குள் புதியதைப் பதிக்க வேண்டும். வெட்டாமல் மேலே கொட்டினால் விளிம்பு மெல்லிய தோலாக நின்று முதல் மழையிலேயே பெயரும். சின்ன ரோலராவது ஓட்ட வேண்டும். மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால் இரண்டு மாதத்தில் சக்கரம் போகும் இரு தடத்திலும் அமுங்கி நடுவில் மட்டும் திமில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இந்த வேலையே வேண்டாம், ஜனவரிக்குப் பிறகு கேளுங்கள்.

போட்ட முதல் இரவுதான் மிக ஆபத்தானது. தார் கறுப்பு, தடையும் கறுப்பு, வர்ணம் 'நாளைக்கு' என்பார்கள். அந்த நாளை வரும் வரை இரு பக்கமும் ஒளிரும் பட்டை ஒட்டிய பேரிகார்டை நிறுத்தச் சொல்லுங்கள். வர்ணம் பூசும் ஆள் இல்லாமல் தார் டிப்பரை அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தாலும் தவறில்லை. கறுப்பு வெள்ளைப் பட்டையை சாதாரண பெயிண்டில் அடித்தால் சில மாதத்தில் தேயும். கண்ணாடி மணி தூவிய தெர்மோபிளாஸ்டிக் பூச்சு இரவில் ஹெட்லைட்டுக்கு மின்னும். எச்சரிக்கைப் பலகை முதல் தடைக்கு 40 மீட்டர் முன்னால்.

எங்கே போடுவது, எங்கே கூடாது

தெருவுக்குள் நுழைந்த வண்டி வேகமெடுக்கும் முன்பே முதல் தடை வந்துவிட வேண்டும். அடுத்தது 100 முதல் 120 மீட்டர் தள்ளி. ஒற்றைத் தடை போட்டு மீதி 300 மீட்டரை விட்டுவிட்டால், இழந்த நேரத்தைப் பிடிக்கிறேன் என்று ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்கள். தடைக்கு அந்தப் பக்க வீடுகளில் சத்தமும் கூடும். தெரு பெரிய சாலையில் போய்ச் சேரும் இடத்தில், சாலை விளிம்பிலிருந்து 5 மீட்டர் உள்ளே ஒன்று.

வளைவில் கூடாது, பைக் சாய்ந்திருக்கும்போது மேடு வந்தால் சறுக்கும். பாதாளச் சாக்கடை மூடியின்மேல் கூடாது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் கூடாது. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து ஓரங்களில் இடைவெளி விடாவிட்டால் மேல்பக்க வீட்டு வாசலில் குளம் கட்டும். அந்த இடைவெளி ஒரு சாணுக்கு மேல் போனால் எல்லா பைக்கும் அதில்தான் நுழையும். அங்கே ஒரு குட்டைத் தூண் நட்டுவிடச் சொல்லுங்கள்.

திருகாணி வைத்துப் பதிக்கும் மஞ்சள் கறுப்பு ரப்பர் தடை மலிவு, ஒரே நாள் வேலை. அடுக்குமாடி வளாகத்துக்குள் அது போதும். பொதுத்தெருவில் லாரி ஏறினால் துண்டு துண்டாகப் பிய்ந்து, தாரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகள்தான் மிஞ்சும்.

வேகத்தடை மட்டுமே வழியில்லை. கார்களை ஒரே பக்கமாக நிறுத்தாமல் ஐம்பது மீட்டர் இந்தப் பக்கம், ஐம்பது மீட்டர் அந்தப் பக்கம் என்று மாற்றி நிறுத்தினால் நேர்த்தெரு பாம்புபோல் வளைந்துவிடும், செலவு பூஜ்யம். தீயணைப்பு வண்டி நுழைய மூன்றரை மீட்டராவது விடுங்கள். தெருமுனையிலிருந்து 10 மீட்டருக்கு மட்டும் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. பள்ளி வாசலில் நடப்பவர் கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்குத் தட்டையாக உயர்த்திக் கேட்பது வெறும் வேகத்தடையைவிட நல்லது.

போட்டு ஒரு மாதம் கழித்து அதே கோட்டில், அதே நேரத்தில் மறுபடி அளவெடுங்கள். பக்கத்து இணைத்தெருவிலும் ஒரு அரைமணி நேரம் எண்ணுங்கள். உங்கள் தெருவில் குறைந்தது அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் அவர்களும் சீக்கிரம் மனுவோடு கிளம்புவார்கள், சேர்ந்தே போவது நல்லது. அடுத்த முறை தெருவுக்குத் தார் போட மில்லிங் இயந்திரம் வரும்போது வேகத்தடை மொத்தமும் சுரண்டப்பட்டுவிடும். புதிய மதிப்பீட்டில் அது இல்லையென்றால் திரும்பி வராது. ஆகவே டெண்டர் பேச்சு காதில் விழுந்த அன்றே, பழைய மனுவின் நகலோடு உதவிப் பொறியாளரைப் பார்த்து, மதிப்பீட்டில் வேகத்தடையையும் வர்ணத்தையும் தனி இனமாகச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.